கணினிக்குள் புகுந்த வாத்தியக் குழு



இம்மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் விடயம் கொஞ்சம் புதுமையானது. ஒரு முழு மேற்கத்திய வாத்தியக் குழுவின் ஒலிகளைக் கணினியில் சேமித்து, கீபோர்ட் ஒன்றினால் வாசிக்கும் கலை எப்படி வளர்ந்தது என்பதே அது. "கணக்காளருக்கு இதில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் வணிகத்துறைப் பட்டதாரி. வாரநாட்களில் மற்றவர்களின் வரவு செலவைப் பார்க்கிறவன், சனிக்கிழமை மாலைகளில் லண்டனில் நமது வானொலிக் கலையகத்தில் தொண்டனாக இருக்கிறவன். எனக்கு இருப்பது கேள்வி ஞானம் மட்டுமே. ஆனால் இந்த வரலாற்றை வாசிக்க வாசிக்க, இதுவும் ஒரு பதிவேட்டின் கதைதான் என்று விளங்கியது. எதைப் பதிவது, எதை விடுவது, விட்டதைப் பிறகு எந்த இடத்தில் எழுதுவது, யாருடைய பெயரில் எழுதுவது என்ற கேள்விகள்தான் இதிலும் இருக்கின்றன.

இது நமக்குத் தூரத்து விடயமும் அல்ல. நம் பிள்ளைகள் பலர் படுக்கையறையில் ஒரு கணினியை வைத்துக்கொண்டு குறும்படங்களுக்கும் நடன நிகழ்ச்சிகளுக்கும் இசையமைக்கிறார்கள். நமது வானொலி நிகழ்ச்சிகளின் முகப்பு இசைகளில் சிலவும் அப்படி உருவானவைதான். அவற்றில் கேட்கும் வயலின் கூட்டத்தில் ஒரு வயலின்கூட அந்த வீட்டில் இருப்பதில்லை. அப்படியானால் அந்த ஒலி எங்கிருந்து வருகிறது?

எந்தச் சுரம், எந்த விதம்

ஒரு சுரத்தைச் சொல்லிவிட்டால் இசையைச் சொல்லிவிட்டோம் என்று ஆகாது. வயலினில் ஒரே சுரத்தை வில்லால் நீளமாக இழுத்து வாசிக்கலாம். வெட்டி வெட்டி வாசிக்கலாம். அதை ஸ்டக்காட்டோ என்பார்கள். வில்லைத் தந்தியின்மேல் துள்ளவிடலாம், அது ஸ்பிக்காட்டோ. வில்லை விட்டுவிட்டு விரலால் சுண்டலாம், அது பிட்சிக்காட்டோ. வில்லை மிக வேகமாக முன்னும் பின்னும் அசைத்து நடுங்கச் செய்யலாம்; அது ட்ரெமொலோ. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு இடைவெளி தெரியாமல் செல்லலாம், அது லெகாட்டோ. இவை எல்லாவற்றையும் சேர்த்து ஆர்ட்டிகுலேஷன் என்கிறார்கள். நான் இங்கே வாசிப்பு முறை என்று சொல்கிறேன்.

எந்தச் சுரம் என்பதோடு எந்த விதம் என்பதையும் எழுத வேண்டிய தேவை பழையது. இத்தாலிய இசையமைப்பாளர் மொன்டவெர்டி 1624 இல் வெனிஸ் நகரில் அரங்கேற்றிய ஒரு போர்க்கதை இசைநாடகத்தில், வாத்தியக்காரர்கள் வில்லை ஒதுக்கிவிட்டு இரண்டு விரல்களால் தந்தியைச் சுண்ட வேண்டும் என்று குறிப்பு எழுதினார். ஒரே சுரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப வாசித்துப் போரின் படபடப்பைக் காட்டும் முறையும் அதிலேயே இருந்தது. பிற்காலத்தில் இது ஒரு வழக்கமாகி, 'பிட்சிக்காட்டோ' என்று ஓரிடத்தில் எழுதினால், 'ஆர்க்கோ', அதாவது வில்லோடு, என்று மறுபடி எழுதும் வரை விரலால்தான் வாசிக்க வேண்டும் என்றாயிற்று.

நமது இசையிலும் இதே கேள்வி எழுந்தது. கர்நாடக இசைக்கு வயலினைக் கொண்டுவந்தவர் என்று போற்றப்படும் பாலுஸ்வாமி தீட்சிதரின் மகள்வழிப் பேரன் சுப்பராம தீட்சிதர். அவர் 1904 இல் எட்டயபுரத்தில் 'சங்கீத சம்பிரதாய பிரதர்ஷினி' என்ற பெரிய நூலைத் தெலுங்கில் வெளியிட்டார். அதில் சுரங்களை மட்டும் எழுதி நிறுத்தவில்லை. எந்தச் சுரத்தில் எந்தக் கமகம் வரவேண்டும் என்பதற்குத் தனித்தனிக் குறியீடுகள் வகுத்து, அவற்றைச் சுரத்துடனேயே அச்சிட்டார். குருவின் வாயிலிருந்து சிஷ்யனின் காதுக்குப் போய்க்கொண்டிருந்த விதம் இப்படிக் காகிதத்தில் ஏறியது.

சுரத்தைச் சொல்வது சுலபம், விதத்தைச் சொல்வதுதான் கடினம் என்பதை இந்த இரண்டு முயற்சிகளும் காட்டுகின்றன. இயந்திரம் வந்தபோது இந்தக் கடினம் குறையவில்லை.

நாடாவில் வாசித்த வயலின்

உண்மையான வாத்தியத்தின் ஒலியைப் பதிவுசெய்து கீபோர்ட்டில் வாசிக்கும் முதல் கருவிகள் ஒலிநாடாவில் இயங்கின. கலிபோர்னியாவில் ஹரி சேம்பர்லின் என்பவர் 1940களின் இறுதியில் இதைத் தொடங்கினார். அவருடைய கருவிகளில் இரண்டு 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றைப் பின்பற்றி 1963 இல் பேர்மிங்ஹாமில் மெலோட்ரான் பிறந்தது. அதில் 35 கட்டைகள் கொண்ட இரண்டு வரிசைகள். ஒவ்வொரு கட்டைக்கும் தனியாக ஓர் ஒலிநாடாத் துண்டு. கட்டையை அழுத்தினால் ஏறக்குறைய 8 வினாடிக்கு நாடா ஓடும். அத்தோடு ஒலி நின்றுவிடும். கையை எடுத்தால் நாடா தன் தொடக்கத்துக்குத் திரும்பிவிடும். பீட்டில்ஸ் குழுவின் 'ஸ்ட்ரோபெரி பீல்ட்ஸ் பொரெவர்' பாடல் 1967 இல் வெளிவந்தது. அதன் தொடக்கத்தில் புல்லாங்குழல் போலக் கேட்பது இந்தக் கருவிதான்.

மெலோட்ரானில் ஒரு நாடாத் தடத்துக்கு ஒரு விதம் மட்டுமே. இழுத்து வாசித்த வயலின் என்றால் அது எப்போதும் இழுத்தே வாசிக்கும். இடைநடுவில் விரலால் சுண்டு என்று அதற்குச் சொல்ல வழியில்லை.

1979 இல் அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீட்டர் வோகலும் கிம் ரையரியும் பெயர்லைட் என்ற கருவியை வெளியிட்டார்கள். சிட்னித் துறைமுகத்தில் ஓடிய ஒரு பயணிகள் படகின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். எந்த ஒலியையும் எண்களாக மாற்றி நினைவகத்தில் வைத்து, கீபோர்ட்டில் வாசிக்கும் வசதியை விற்பனைக்குக் கொண்டுவந்த முன்னோடி அது. இப்படி எடுத்துவைத்த ஒலியை சாம்பிள், அதாவது ஒலி மாதிரி, என்பார்கள். அந்தக் கருவியோடு வந்த மாதிரிகளில் ஒன்று ஸ்ட்ராவின்ஸ்கியின் 'தீப்பறவை' இசையிலிருந்து வெட்டி எடுத்த ஒரே ஓர் அடி. முழு வாத்தியக் குழுவும் சேர்ந்து ஒரு கணம் முழங்குவது. 1982 இல் வெளியான 'பிளானெட் ரொக்' என்ற நடனப் பாடலிலும் அதற்குப் பிறகு எண்ணற்ற பாடல்களிலும் அந்த ஓர் அடி ஒலித்தது. அதை வாசித்த வாத்தியக்காரர்களின் பெயர்கள் அந்தப் பாடல்களில் எதிலும் இல்லை. இந்தக் குறிப்பை மனதில் வைத்திருங்கள், பின்னர் இதற்கு வருவேன்.

அதே 1982 இல் பிரித்தானிய இசைக்கலைஞர் தொழிற்சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சிந்தசைசர்களையும் இலத்திரனியல் மேளக் கருவிகளையும் தடைசெய்ய வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. அமெரிக்கப் பாடகர் பரி மனிலோ தமது பிரித்தானியச் சுற்றுப்பயணத்துக்கு வாத்தியக் குழுவுக்குப் பதிலாகச் சிந்தசைசர்களைக் கொண்டுவந்ததே உடனடிக் காரணம். தீர்மானம் சங்கத்தின் நாடளாவிய கொள்கையாகவில்லை. அன்று அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். ஆனால் வேலை போய்விடும் என்று பயந்தவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். அகதியாக வந்து புதிய நாட்டில் தன் பழைய தொழிலுக்கு மதிப்பில்லை என்று கண்டவர்களுக்கு அந்தப் பயம் விளங்கும்.

128 வரிகள் கொண்ட பேரேடு

1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சி ஒன்றில், அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கீபோர்ட்டையும் ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் கீபோர்ட்டையும் ஒரு கம்பியால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசிக்க மற்றதும் ஒலித்தது. மிடி எனப்படும் பொது ஏற்பாடு அப்படித்தான் உலகுக்கு அறிமுகமானது. அதற்கு உழைத்த டேவ் ஸ்மித்துக்கும் இகுடாரோ ககேஹாஷிக்கும் 2013 இல் தொழில்நுட்பக் கிராமி விருது வழங்கப்பட்டது.

மிடி என்பது ஒலி அல்ல, வெறும் குறிப்புத்தான். எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்பவற்றை எண்களில் சொல்லும். கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை 128 எண்கள். அழுத்திய வேகத்துக்கும் 127 வரைதான். ஓர் இணைப்பில் 16 தடங்கள். கணக்காளன் கண்ணுக்கு இது நேர்த்தியான பேரேடு. திகதி உண்டு, தொகை உண்டு, கணக்கு எண் உண்டு. ஆனால் ஒரு நிரல் மட்டும் இல்லை. எந்த விதத்தில் வாசிப்பது என்பதை எழுத அதில் இடம் வைக்கவில்லை. பியானோவை மனதில் வைத்துச் செய்த ஏற்பாடு அது. பியானோவில் கட்டையை அழுத்தும் பலம்தான் பெரும்பாலும் விதத்தைத் தீர்மானிக்கிறது. வயலினுக்கு அது போதாது.

தொடக்கத்தில் இந்தக் குறை பெரிதாகத் தெரியவில்லை. நினைவகம் சிறியதாக இருந்ததே காரணம். 1988 இல் வந்த அக்காய் எஸ்1000 என்ற புகழ்பெற்ற ஒலிமாதிரிக் கருவி 2 மெகாபைட் நினைவகத்தோடு வந்தது. இசைத்தட்டின் தரத்தில் ஒரு வினாடிக்கு 88,200 பைட் தேவை. வகுத்துப் பாருங்கள், 24 வினாடிக்கும் சற்றுக் குறைவான ஒலிதான் அதில் அடங்கும். அந்த இடத்துக்குள் இழுத்து வாசித்த வயலினை வைப்பதே பெரும்பாடு. பத்து விதங்களுக்கு எங்கே போவது?

1998 இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து நிறுவனமான நெமிசிஸ் வெளியிட்ட கிகாசாம்ப்ளர் என்ற மென்பொருள் இந்தக் கட்டை அவிழ்த்தது. ஒவ்வொரு ஒலியின் தொடக்கத்தை மட்டும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு, மிகுதியை வன்தட்டிலிருந்து ஓட ஓட எடுத்தது. கடைக்காரர் லாச்சியில் சில்லறையை மட்டும் வைத்துக்கொண்டு பெருந்தொகையை வங்கியில் வைப்பது போல. அதன்பிறகு எத்தனை விதங்களையும் பதிவுசெய்து வைக்கலாம் என்றாயிற்று. அப்போதுதான் பழைய குறை பெரிதாகத் தெரிந்தது. பத்து விதங்கள் பெட்டிக்குள் இருக்கின்றன. இப்போது எது வேண்டும் என்று மிடியிடம் எப்படிச் சொல்வது?

வாசிக்காத கட்டைகள்

கண்டுபிடித்த வழி எளிமையானது. வயலினின் மிகத் தாழ்ந்த சுரம் மிடியில் 55 ஆம் எண். அதற்குக் கீழே 0 முதல் 54 வரை 55 எண்கள் வயலினுக்குப் பயனற்றவை. அந்த வெற்றுக் கட்டைகளில் சிலவற்றுக்கு வேறு வேலை கொடுத்தார்கள். ஒன்றை அழுத்தினால் ஒலி எதுவும் வராது. ஆனால் அதற்குப் பின் வாசிப்பதெல்லாம் பிட்சிக்காட்டோவாக வரும். அடுத்ததை அழுத்தினால் ஸ்டக்காட்டோ, அதற்கடுத்ததை அழுத்தினால் லெகாட்டோ. இவற்றுக்குக் கீ சுவிட்ச் என்று பெயர். 2000களின் தொடக்கத்தில் வந்த வாத்தியக்குழு ஒலித்தொகுப்புகளில் இது பரவலானது.

என் தங்கையின் மகன் வீட்டில் இசையமைப்பவன். ஒருநாள் அவன் இடது கையால் கீழ்க் கட்டைகளைத் தட்டிக்கொண்டிருக்க, ஒலியே வரவில்லையே, பழுதோ என்று கேட்டேன். "இல்லை மாமா, அது வாசிக்கிற கட்டை இல்லை, சொல்லுற கட்டை" என்றான். இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் வேறெங்கும் காணவில்லை.

பேரேட்டில் ஒரு நிரல் போதாதபோது, கடைசிப் பக்கங்களின் வெற்று வரிகளில் குறிப்பு எழுதி வைக்கும் பழக்கம் கணக்கர்களுக்கு உண்டு. கீ சுவிட்சும் அதே வேலைதான். அந்தப் பழக்கத்தின் தொல்லைகளும் இதற்கு உண்டு.

முதல் தொல்லை, இடம் எல்லா வாத்தியத்துக்கும் ஒன்றல்ல. டபிள் பேஸ் என்னும் பெரிய வாத்தியம் மிக ஆழத்துக்குப் போகும். ஒலித்தொகுப்புகளில் அது 24 ஆம் எண் வரை இறங்குவதுண்டு. 88 கட்டைகள் உள்ள கீபோர்ட் 21 இல் தொடங்குகிறது. கீழே எஞ்சுவது மூன்று கட்டைகள்தான். ஆகவே சுவிட்சுகளை மேல் முனைக்குக் கொண்டுபோக வேண்டும். இரண்டாவது, பெயர்க் குழப்பம். கீபோர்ட்டின் நடு 'சி' கட்டையின் மிடி எண் 60. சில நிறுவனங்கள் அதை சி3 என்றும் சில சி4 என்றும் அழைக்கின்றன. கைநூலில் சொன்ன கட்டையை அழுத்தியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், ஒரு ஸ்தாயி மேலேயோ கீழேயோ பார்க்க வேண்டும். மூன்றாவது, முழு மெட்டையும் தெரிவுசெய்து சுருதி மாற்றினால் சுவிட்சுகளும் சேர்ந்து இடம் மாறி, வேறு விதங்கள் ஒலிக்கத் தொடங்கும்.

நான்காவதுதான் பெரியது. மெட்டின் நடுவிலிருந்து கேட்கத் தொடங்கினால், அதற்கு முன் அழுத்திய சுவிட்சைக் கணினி கண்டிராது. விரலால் சுண்ட வேண்டிய இடத்தில் வில் இழுக்கும். கட்டளை ஓரிடத்திலும் சுரம் வேறிடத்திலும் இருப்பதால் வரும் வினை இது.

ஒரு வயலினுக்கு எத்தனை பதிவு?

ஒலித்தொகுப்புக்கான உழைப்பின் அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். வயலினுக்கு 40 சுரங்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டக்காட்டோவை மெல்ல, நடுத்தரமாக, பலமாக என மூன்று அளவில் வாசிக்க வேண்டும். ஒரே பதிவு திரும்பத் திரும்ப வந்தால் இயந்திரத் துப்பாக்கி போலக் கேட்கும் என்பதால், ஒவ்வொன்றையும் நான்கு தடவை வாசித்து மாறிமாறிப் பயன்படுத்துவார்கள். 40 ஐ 3 ஆலும் 4 ஆலும் பெருக்கினால் 480. இது ஒரு விதத்துக்கு மட்டும்.

லெகாட்டோ இன்னும் கடினம். இரண்டு சுரங்களையும் தனித்தனியே பதிந்து ஒட்டினால் ஒட்டு தெரியும். இதற்கு வழிகாட்டிய நிறுவனங்களில் முக்கியமானது ஒஸ்ரியாவின் வியன்னா சிம்பொனிக் லைப்ரரி. அதைத் தொடங்கிய ஹேர்ப் துச்மாண்டல் முதலில் செலோ வாசித்தவர், பின்னர் திரைப்படத்துறையில் ஒளிப்பதிவாளராக இருந்தவர். 2000 இல் தொடங்கிய அந்த நிறுவனம் இதற்கென்றே எதிரொலி குறைந்த கலையகம் ஒன்றைக் கட்டியது. சுரங்களை மட்டுமல்ல, ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்குப் போகும் அந்தச் சிறு பயணத்தையும் பதிவுசெய்தது. நமது 40 சுரங்களில் ஒவ்வொன்றிலிருந்தும் மேலே 12, கீழே 12 என்று 24 பயணங்கள். மொத்தம் 960. இரு எல்லைகளையும் தாண்டுபவற்றைக் கழித்தால் 804. மூன்று பல அளவுகளில் என்றால் 2,412. ஒரு வாத்தியத்தின் ஒரு விதத்துக்கு இவ்வளவு.

இத்தனையையும் யாரோ ஒரு மனிதர் கதிரையில் இருந்து வாசித்திருக்கிறார். மெட்டு இல்லை, கைதட்டல் இல்லை. ஒரு சுரம், ஓர் இடைவெளி, மறுபடி அதே சுரம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுப்பது போன்ற நிதான உழைப்பு.

நிரந்தரக் கட்டளையும் ஒற்றைக் காசோலையும்

பதிவுகள் பெருகியபின் அவற்றை மேய்ப்பது தனி வேலையாயிற்று. இசையமைப்பாளர்கள் இரண்டு வழிகளைக் கையாள்கிறார்கள். ஒரு விதத்துக்கு ஒரு தடம் என்று பிரித்து வைப்பது ஒரு வழி. குழப்பம் குறைவு, ஆனால் முழு வாத்தியக் குழுவுக்கும் நூற்றுக்கணக்கான தடங்கள் தேவைப்படும். ஒரு வயலின் வரி ஐந்து இடங்களில் சிதறிக் கிடக்கும். மற்ற வழி, ஒரு வாத்தியத்துக்கு ஒரே தடம், அதற்குள் கீ சுவிட்சுகள். வரி முழுமையாக இருக்கும், ஆனால் மேலே சொன்ன தொல்லைகளும் இருக்கும்.

2009 இல் ஜேர்மனியின் ஸ்டைன்பேர்க் நிறுவனம் தனது கியூபேஸ் 5 மென்பொருளில் இதற்கு ஒரு தீர்வு கொண்டுவந்தது. 'எக்ஸ்பிரஷன் மப்' என்ற ஓர் அட்டவணை அது. இசையமைப்பவர் சுரத்தோடு 'ஸ்டக்காட்டோ' என்று எழுதினால் போதும். அந்தத் தொகுப்புக்கு எந்தக் கீ சுவிட்ச் என்பதை அட்டவணை பார்த்துக்கொள்ளும். வேறு நிறுவனத்தின் தொகுப்புக்கு மாறினால் அட்டவணையை மட்டும் மாற்றலாம். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, மறு அறிவித்தல் வரை நிலைத்திருப்பது. மற்றது, அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் பொருந்துவது. வங்கியில் நிரந்தரக் கட்டளைக்கும் ஒற்றைக் காசோலைக்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பிள் நிறுவனத்தின் லொஜிக் 2018 இலும், ஸ்டூடியோ வன் 2021 இலும் இவ்வகை வசதிகளைச் சேர்த்தன. 2020 இல் ஏற்கப்பட்ட மிடி 2.0 ஏற்பாட்டில் அழுத்தும் வேகத்துக்கு 65,536 படிகள் வந்ததோடு, சுரத்தின் குறிப்புக்குள்ளேயே அதன் விதத்தையும் சேர்த்து அனுப்ப இடம் வைத்திருக்கிறார்கள். 1983 இல் விடுபட்ட நிரல் 37 வருடங்களுக்குப் பின் பேரேட்டில் சேர்க்கப்பட்டது.

விதத்தைச் சுரத்தோடு சேர்த்தே எழுது என்பதுதான் இதன் சாரம். சுப்பராம தீட்சிதர் 1904 இல் சுரத்துடன் கமகக் குறி போட்டபோது செய்ததும் அதுவே.

வாசித்தவர்கள் எங்கே?

2019 இல் லண்டனின் ஸ்பிட்பயர் ஓடியோ நிறுவனம், பிபிசி சிம்பொனி வாத்தியக் குழுவை மெய்டா வேல் கலையகத்தில் பதிவுசெய்து ஒரு தொகுப்பாக வெளியிட்டது. 1930 இல் தோன்றிய குழு அது. மெய்டா வேல் 1934 இலிருந்து பல்லாண்டுகள் பிபிசியின் இசைக்கலையகமாக இருந்தது. அந்தத் தொகுப்பின் சிறு வடிவம் ஒன்று மறுவருடம் இலவசமாகவும் கிடைக்கத் தொடங்கியது. நம் பிள்ளைகளில் பலர் தொடங்குவது அதிலிருந்துதான். காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் ஒரு வாத்தியக் குழு கிடைத்தது என்பது சிறிய விடயம் அல்ல. அதை நான் மனதார வரவேற்கிறேன்.

2023 மார்ச்சில் பிபிசி, தனது இங்கிலாந்து வாத்தியக் குழுக்களின் சம்பளப் பதவிகளில் ஏறக்குறைய 20 சதவீதத்தைக் குறைக்கும் திட்டத்தையும், தனது பாடகர் குழுவை மூடும் முடிவையும் அறிவித்தது. பெரும் எதிர்ப்பு எழுந்தது. பாடகர் குழுவை மூடும் முடிவு அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. ஒலித்தொகுப்புத்தான் இதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்ல ஆதாரமும் இல்லை. ஆனால் பெட்டிக்குள் இருக்கும் குழு வெளியிலும் இருக்க வேண்டுமே என்ற எண்ணம் வராமல் இல்லை. புதிய விதம் ஒன்று பிறப்பது வாசிக்கும் கையில்தான். சுவிட்ச் ஏற்கனவே பிறந்ததைத் தேடி எடுத்துத் தரும், அவ்வளவே.

இதை நம் வீட்டுக் கணக்கிலும் பார்க்கலாம். நான் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் சங்கங்களின் பழைய ஏடுகளில், 1990களில், கலைவிழாச் செலவின் கீழ் வயலின், புல்லாங்குழல், மிருதங்கம், தபேலா என்று நான்கு வரிகளில் சன்மானம் இருக்கும். பின்னைய ஏடுகளில் 'கீபோர்ட்' என்று ஒரே வரி. செலவு குறைந்தது உண்மை. மண்டப வாடகை கட்ட முடியாமல் தவித்த சங்கங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மூன்று வரிகளோடு மூன்று மனிதர்களின் மாலை நேரமும், அவர்களிடம் கற்க வந்திருக்கக்கூடிய பிள்ளைகளும் ஏட்டிலிருந்து போய்விட்டார்கள்.

நமக்கு இன்னொரு இழப்பும் உண்டு. வியன்னாவின் வயலினுக்கும் லண்டனின் வயலினுக்கும் விதம் விதமாகப் பதிவு இருக்கிறது. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. ஒரு கையில் கழியும் மறுகையில் விரற்கூடுகளுமாக அந்தத் தோலில் எத்தனை விதங்கள்! அவற்றில் பெரும்பாலானவை கேட்டவர்களின் காதுகளில் மட்டுமே இருக்கின்றன. காது மூப்படையும். இடம்பெயர்ந்த வீடுகளில் ஒலிநாடாக்களும் தப்பவில்லை.

ஆகவே நேயர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நமது வானொலியின் அலுமாரியில் பல ஒலிநாடாக்கள் உண்டு. பெரும்பாலானவற்றின் மேல் எழுதியிருப்பது 'திருவிழா', 'கல்யாணம்', ஒரு திகதி, அவ்வளவுதான். என்ன ஒலி என்பது பதிவாகிவிட்டது. யார் வாசித்தார், யாரிடம் கற்றார், அந்த இடத்தில் ஏன் அப்படி வாசித்தார் என்பவை பதிவாகவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி நாடாக்கள் இருந்தால் கொண்டுவந்து தாருங்கள். வாசித்தவரை அறிந்த பெரியவர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் நாடாவோடு சேர்த்தே எழுதி வைக்கிறோம். பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்: வாத்தியக் குழு ஒலியை வைத்து இசையமைத்தால், எந்தக் குழுவின் பதிவு, எந்தக் கலையகம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். செலவில்லாத வரி அது.

அடுத்த மாதம் வேறொரு விடயத்தோடு சந்திப்போம்.